யாருடைய மனையில் கட்டப் போகிறீர்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொதட்டூர்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நமக்குத் தெரிந்த தம்பி ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு வந்து, "அண்ணா, ஒரு உதவி" என்று ஒரு தாளை நீட்டினான். வழவழப்பான தாள். மேலே தேயிலைத் தோட்டத்தின் படம், அதற்குக் கீழே ஒரு வேத வசனம். அவன் போகிற சபையின் வாலிபர் குழு இலங்கை மலையகத்துக்குப் போகிறதாம். பத்து நாள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஊழியம். மொத்தம் 14 பேர், ஆளுக்கு 50,000 ரூபாய் திரட்ட வேண்டும். விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். கட்டுமானப் பொருளுக்குத் தனிக் காணிக்கை.

தாளைத் திருப்பினால் ஆயத்தப் பட்டியல். தடுப்பூசி, சிங்களத்தில் பத்து வார்த்தை, இரண்டு பாட்டு, ஒரு நாடகம், தொப்பி, உபவாச ஜெபம். சனிக்கிழமைகளில் கட்டட வேலைப் பயிற்சி. கலவை எப்படிப் போடுவது, செங்கல்லை எப்படி நனைத்து அடுக்குவது என்று சென்னையிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தருகிறாராம்.

இந்தத் தம்பியின் அம்மா இருபது வருடத்துக்கு மேலாகச் சித்தாள் வேலை செய்கிறவர். அப்பா கொத்தனார். திருத்தணி, நகரி, திருவள்ளூர் என்று வேலை கிடைத்த இடமெல்லாம் போனவர்கள். இவன் நடை பழகியதே மணல் குவியல் மேல்தான். இவனுக்குக் கலவை போடச் சொல்லித்தர சென்னையிலிருந்து ஆள் வருகிறது!

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவன் வீடு எனக்குத் தெரியும். தாத்தா பெயரில் வந்த தொகுப்பு வீடு. தளத்தில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள்ளேயே தார்ப்பாய் கட்டுகிறார்கள். அந்த வீடு நிற்கிற மனைக்கு இன்று வரை அவர்கள் பெயரில் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் புது வீட்டுத் திட்டத்தில் பெயர் ஏறவில்லை. அந்தத் தெருவில் இப்படி 23 குடும்பம்.

நான் பணம் கொடுக்கவில்லை. "எழுதித் தருகிறேன், உன் குழுவில் படிக்கக் கொடு" என்றேன். அந்தக் குழுவுக்கும், இது போன்ற தாளோடு உங்களில் யாரிடமாவது வரப்போகிற குழுக்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

தோழர்களே, வெளிநாட்டில் போய் வீடு கட்டுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு கேள்வி இல்லை. கட்டப் போகும் வீடு யாருடைய மனையில் நிற்கப் போகிறது? மனை யார் பெயரில் இருக்கிறது? நாளை தோட்ட நிர்வாகம் போகச் சொன்னால் அந்தக் குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டும்? இதைக் கேட்காமல் எழுப்புகிற சுவர் யாருக்கு வீடு? படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அது சாட்சி, அவ்வளவுதான். சேரியில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும். வராமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

ஒரு காலத்தில் திருச்சபைக்கே இந்தக் கேள்வி தெரிந்திருந்தது. அதுவும் இதே மாவட்டத்தில். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று செங்கல்பட்டு ஜில்லா. (நம் பொதட்டூர்பேட்டை அதில் இல்லை. நாம் கார்வேட்டிநகர் ஜமீன் பக்கம். பிறகு சித்தூர் ஜில்லா, 1960-ல்தான் திருத்தணியோடு தமிழ்நாட்டுக்கு வந்தோம். எல்லைப் போராட்டம் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் சேரிக்கு எந்த மாநிலத்தில் மனை கிடைத்தது என்று மட்டும் பேசியதில்லை, அது வேறு கதை.) 1880களின் கடைசியில் அந்த ஜில்லாவில் இரண்டு பாதிரியார்கள் வேலை செய்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ. திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர்கள்தான். சேரிக்குள் போனபோது அவர்கள் கண்டது இது: பறையர் குடிசை நிற்கிற இடமே மிராசுதாருடையது. பண்ணையில் கூலி அதிகம் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், பாதிரியாரோடு பேசினால், ஒரே வார்த்தை: குடிசையைப் பிரித்துக்கொண்டு போ. சவுக்கு எடுக்க வேண்டியதில்லை. மனை அவன் கையில் இருக்கும் வரை ஆளும் அவன் கையில்.

இவர்கள் உடனே இங்கிலாந்திலிருந்து வாலிபர்களைக் கூட்டிவந்து குடிசைக்கு ஓடு போடவில்லை. மனையைக் கேட்டார்கள். சேரி நத்தத்தை மிராசுதார் பிடியிலிருந்து விடுவி, தரிசு நிலத்தை இவர்கள் பெயரில் கொடு என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள், பத்திரிகைக்கு எழுதினார்கள். அதிகாரிகளுக்கு எரிச்சல் வந்தது. மிராசுதார்களுக்குப் பயம் வந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30-ல் வந்த 1010 எண் அரசாணை. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அதன் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆண்ட்ரூ சேரி மக்களைக் குடியமர்த்த நிலம் வாங்கி மெல்ரோசாபுரம் என்ற ஊரையே உருவாக்கினார்.

இவர்களைப் புனிதர் ஆக்க வேண்டாம். ஆள் சேர்க்கிற கணக்கும் அவர்களிடம் இருந்தது, நம்மைப் பற்றி அவர்கள் எழுதியதில் நம்மைக் குழந்தைகளாகப் பார்க்கிற பார்வையும் இருந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு என்பதும் உண்மை. மிராசுதாரின் உரிமையைத் தொட அரசாங்கம் தயங்கியது, சாதியை ஒரு சமூகப் பழக்கம், மத விஷயம் என்று தள்ளிவிட்டுத் தன் வரிவசூலைப் பார்த்தது. ரூபா விஸ்வநாத் இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் 2014-ல் வந்தது. நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: 130 வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்குப் புரிந்தது, இன்று நம் தெருவிலிருந்தே கிளம்புகிற வாலிபர் குழுவுக்குப் புரியாமல் போனது எப்படி?

அந்த அரசாணையின் நிலத்தை மீட்கப் போய் உயிர் விட்டவர்கள் உண்டு. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டு. காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஒரு ஜானும் ஒரு ஏழுமலையும். மனைக்கும் நிலத்துக்கும் நின்றபோது ஞானஸ்நானச் சான்றிதழை யாரும் பார்க்கவில்லை. எத்தனை சபைகளில் ஜான் தாமஸ் பெயர் சொல்லி ஜெபம் நடந்திருக்கிறது? வாலிபர் முகாமில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

சபைக் குழுக்கள் போய் வீடு கட்டித்தருவது என்றாலே உலகம் முழுவதும் முதலில் சொல்லப்படும் பெயர் 'ஹாபிடேட் ஃபார் ஹியூமானிட்டி'. 2006-ல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே வந்து மகாராஷ்டிராவில் லோனாவாலாவுக்குப் பக்கத்தில் மாளவ்லியில் நூறு வீடு கட்டும் வேலையில் கலந்துகொண்டார். சினிமா நடிகர்கள்கூட வந்து செங்கல் வைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நம் ஊர்ச் சபைகளுக்கும் ஆசை வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அமைப்பு எங்கிருந்து முளைத்தது என்று சபையில் யாரும் சொல்லித்தருவதில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்று ஒரு பாப்டிஸ்ட் போதகர். விவசாயமும் படித்தவர், கிரேக்கமும் படித்தவர். 1942-ல் 'கொய்னோனியா' என்று ஒரு பண்ணை தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உழைத்து ஒரே மேசையில் சாப்பிடுகிற பண்ணை. அந்தக் காலத்து ஜார்ஜியாவில் இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று யோசியுங்கள். நம் ஊரில் ஊர்த் தெருவும் சேரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. பண்ணையில் விளைந்ததை யாரும் வாங்கவில்லை, விதை விற்கவில்லை. கடைக்குக் குண்டு வைத்தார்கள், இரவில் வீட்டைப் பார்த்துச் சுட்டார்கள். 1950-ல் அவர்களுடைய சபையே அவர்களை விலக்கியது. உடனடிக் காரணம் என்ன தெரியுமா? ஆராதனைக்கு ஒரு இந்திய மாணவனைக் கூட்டிப் போனார்கள். அவன் தோல் கறுப்பு.

இந்தப் பண்ணைதான் 1968-ல் ஏழைக் கறுப்பர்களுக்கு வீடு கட்டும் வேலையைத் தொடங்கியது. எப்படித் தொடங்கியது? முதலில் பண்ணை நிலத்தில் ஆளுக்கு அரை ஏக்கர் வீதம் மனை பிரித்தார்கள். பிறகு வீடு, வட்டி இல்லாமல், லாபம் இல்லாமல், அந்தக் குடும்பம் தவணையில் கட்டும்படி. அங்கே இருந்த மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு முதலில் ஆப்பிரிக்காவில் ஜயர் நாட்டுக்குப் போய், பிறகு 1976-ல் தொடங்கியதுதான் ஹாபிடேட். நிறவெறிக்கு எதிரே நின்று, சபையை இழந்து, மனையைப் பங்கு போட்ட பிறகு வந்த செங்கல் அது. நம் ஆட்கள் மனையையும் விட்டார்கள், நிறவெறியையும் விட்டார்கள். தொப்பியையும் டி-ஷர்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை நாசம் செய்தது. வட அமெரிக்காவிலிருந்து சபைக் குழுக்கள் வரிசையாகப் போய் வீடு கட்டின. கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர், அவரும் கிறிஸ்தவர்தான், அந்தக் குழுக்களையும் வீடு பெற்ற குடும்பங்களையும் தேடிப் போய் விசாரித்தார். ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 2,000 டாலர். ஒரு குழு வந்து போன செலவு சுமார் 30,000 டாலர். உள்ளூர் ஆட்கள் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. போய் வந்தவர்களின் வாழ்க்கையும் அவர்கள் சொல்லிக்கொண்ட அளவுக்கு மாறவில்லை.

நம் கணக்கு அவ்வளவு மோசமில்லை, கொழும்பு பக்கம்தான். இருந்தாலும் 14 பேர், ஆளுக்கு 50,000 என்றால் 7 லட்சம். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுப்பது 3.50 லட்சம். ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே, போகவும் வரவும் மட்டும் நம் தெருவில் இரண்டு வீட்டுக்கான பணம் போகிறது. இந்தக் கணக்கை நான் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, ஆனா நம்ம தெருவுல வீடு கட்ட யாரும் காணிக்கை கொடுக்க மாட்டாங்களே" என்றான். அவன் சொன்னதுதான் உண்மை. நம் தெருவைப் படம் எடுத்துப் போட்டால் யாருக்கும் மனம் இளகாது. அது தினமும் பார்க்கிற தெரு. தவிர, அங்கே ஏன் பட்டா இல்லை என்று கேட்டால், காணிக்கை கொடுக்கிறவரின் மாமனார் பெயர்கூட வந்துவிடலாம்.

சரி, மலையகத்துக்கே போவோம். அங்கே இருக்கிறவர்கள் யார்? காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் வெள்ளைக்காரன் கூட்டிப் போன நம் ஆட்கள். அதில் பெரும்பகுதி தமிழகத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள். 2023-ல் அந்த வருகையின் 200-வது ஆண்டை அவர்களே நினைவுகூர்ந்து நடந்தார்கள், ஊர்வலம் போனார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் ஏராளமான குடும்பங்கள் லயன் அறையில் இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு திண்ணை. லயன் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கிற வரை அறை. செங்கல்பட்டு மிராசுதார் சொன்ன அதே வார்த்தை அங்கே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறது. 1948-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆடு மாடு போலப் பங்கு போட்டார்கள்.

அந்த மக்கள் இன்று கேட்பது என்ன? காணி. உறுதிப் பத்திரத்தோடு காணி. 7 பேர்ச்சஸ் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னது, அது நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. அதனால் பத்து நாள் போய்ச் சுவர் எழுப்புகிறவர்கள் அங்குள்ள தொழிற்சங்கத்திடம், பெண்கள் அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டியது: இந்த வீட்டுக்குப் பத்திரம் உண்டா? யார் பெயரில், கணவன் பெயரிலா, கொழுந்து பறிக்கிற மனைவி பெயரிலா?

கட்டுவதிலும் பாடம் இருக்கிறது. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசு 46,000 வீடுகளுக்கு உதவி செய்தது. பெரும்பாலும் வீட்டுக்காரரே கட்டும் முறை. 5.5 லட்சம் இலங்கை ரூபாய், தவணையாக வங்கிக் கணக்கில். கொத்தனாரை அவர்களே பிடித்தார்கள், அடுப்படியை எந்தப் பக்கம் வைப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். குறைகள் இருந்தன, கடனில் விழுந்தவர்களும் உண்டு. ஆனால் அது அவர்கள் கட்டிய வீடு. அதற்குப் பிறகு 65,000 இரும்பு வீடுகளை ஒரு பன்னாட்டு எஃகு நிறுவனத்திடமிருந்து வாங்கி இறக்குவதாக இலங்கை அரசு திட்டம் போட்டது. ஒரு வீடு 20 லட்சத்துக்கு மேல். அந்த வெயிலுக்கு இரும்பா, இன்னொரு அறை சேர்த்துக் கட்ட முடியுமா, எங்கள் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை எங்கே என்று அங்குள்ள தமிழர்கள் கேட்டார்கள். திட்டம் நின்றது. இலவசமாக வருகிற வீட்டைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிற தெளிவு அவர்களிடம் இருக்கிறது. அவர்களிடம் நாடகம் போட்டுக் காட்டவா போகிறீர்கள்?

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டு, இதெல்லாம் சொன்னால் சங்கிகளுக்குத் தீனி ஆகாதா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டத்தைக் காட்டி அமைப்புகளின் கழுத்தை நெரிக்கிறார்கள். 2008-ல் கந்தமாலில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர் வீடுகளை எரித்தார்கள். எரிந்தவற்றில் பெரும்பகுதி தலித், பழங்குடி வீடுகள். திரும்பி வர வேண்டுமானால் மதத்தை விட்டு வா என்றார்கள். அவர்களோடு நமக்கு எந்தப் பேச்சும் இல்லை. ஆனால் 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது யார்? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிப் போட்ட பீரோ, டிவி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் சாம்பல். சேரிக்காரன் காரை வீடு கட்டியது கண்ணை உறுத்தியது. வீடு என்பது இந்த நாட்டில் எப்போதும் சாதிப் பிரச்சினை. கோவில் கட்டினாலும் சரி, சர்ச் கட்டினாலும் சரி, சாதியை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேச முடியாது.

சர்ச் மட்டும் விட்டுவிட்டதா என்ன? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்கு, அவர்கள் வீடுகளைத் தாக்கியது அதே கோவிலில் அதே நற்கருணை வாங்குகிற வன்னியக் கிறிஸ்தவர்கள். போலீஸ் சுட்டதில் தாக்கிய தரப்பில் இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரம் உலகத்தில் உள்ள எல்லாச் சபையும் வந்து வீடு கட்டியது. பிணம் எடுக்கப் பல ஊர் நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் அருந்ததியர். நிவாரண வரிசையில் கடைசியில் நிறுத்தப்பட்டவர்களும், கடலில் போகாத கூலிக்கு என்ன இழப்பு என்று கேட்கப்பட்டவர்களும் தலித்துகள். வந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஊர்த் தலைவர் கொடுத்த பட்டியலை வாங்கி அதன்படி கட்டினார்கள். பட்டியலில் யார் இல்லை என்று கேட்கத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சபை வாலிபர்களுக்குச் சொல்லித்தருவதில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியால், ஞானஸ்நானம் எடுத்த தலித், சட்டத்தின் பார்வையில் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956-ல் திருத்தினார்கள், பௌத்தருக்கு 1990-ல் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்று வரை கதவு மூடியே இருக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே சொல்லிவிட்டது, நம் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடிக்கென்று பெரும்பங்கு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தம்பியின் குடும்பம் எந்த வரிசையில் நிற்கும்? அந்தத் தெருவிலேயே பலர் சர்ச்சில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று பிரசங்கம் செய்கிறவர்கள், அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிற ஆணைக்கு எதிராக ஒரு பேருந்து ஏற்பாடு செய்து கோட்டைக்கு வந்திருக்கிறார்களா? இலங்கைக்கு 14 டிக்கெட் போட முடிகிறது.

நல்ல காரியம் செய்ய நினைக்கிற பிள்ளைகளை ஏன் குத்திக் காட்டுகிறாய், உங்கள் இயக்கம் எத்தனை வீடு கட்டியது என்று கேட்பார்கள். ஒன்றும் கட்டவில்லை. கட்டுவது எங்கள் வேலையும் இல்லை, அது அரசாங்கத்தின் கடமை. மனைக்காகக் கேஸ் வாங்கியிருக்கிறோம். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து நாள் வெயிலில் நிற்கத் தயாராக இருக்கிற பிள்ளையை நான் எங்கே தேடுவது! விசைத்தறிக் கொட்டகையில் இரண்டு ஷிஃப்ட் போட்டுவிட்டு சனிக்கிழமை பயிற்சிக்குப் போகிறான் இந்தத் தம்பி. அந்த உழைப்பைப் படத்துக்காகச் செலவழிக்கிறார்களே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உண்மையான ஆயத்தம் வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். பயிற்சிக்கு ஒதுக்கிய ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது? நத்தமா, மேய்க்கால் புறம்போக்கா, நீர்நிலையா, அல்லது உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் பெயரா? பட்டா இருக்கிறது என்று பெருமையாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுகிற பாட்டிகளிடம் அந்த எண் கிராமக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த பட்டா கையில் இருக்கும், கணக்கில் ஏறியிருக்காது, நிலம் அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். தமிழ்நாடு முழுக்க இந்தக் கதைதான். வீட்டுமனைக்காக நிலம் எடுக்க 1978-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, குடியிருப்பு மனையை உழைப்பாளிக்கே சொந்தமாக்க 1971-ல் ஒரு சட்டம் வந்தது. இவற்றைப் படியுங்கள். பக்கத்து ஏரிக்கரையில் இருளர் குடிசைகள் இருக்கின்றன. செங்கல் சூளையில் நம் எல்லோர் வீட்டுக்கும் கல் அறுத்தவர்கள். அவர்களையும் கணக்கெடுங்கள்.

அப்படியே உங்கள் சபையின் கணக்கையும் கேளுங்கள். சபைக்கு எத்தனை ஏக்கர் இருக்கிறது, அதில் குடியிருக்கிற குடும்பங்களுக்குப் பத்திரம் கொடுத்தாயிற்றா, கடைகளுக்கு வாடகை விட்டது போக மனைக்கு ஒதுக்க இடம் உண்டா? ஆண்ட்ரூ நிலம் வாங்கியது சேரியைக் குடியமர்த்த. அந்தக் காலத்து மிஷன் நிலங்கள் இன்று யார் கையில், எதற்குப் பயன்படுகின்றன என்று கேட்க ஞானஸ்நானம் எடுத்த ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கேட்டால் வாலிபர் சங்கச் செயலாளர் பதவி போகலாம். ஜோர்டனுக்குச் சபையே போனது.

தம்பியிடம் இதில் பாதியைத்தான் டீக்கடையில் சொன்னேன். இலங்கைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போனால் லயத்தில் உட்கார்ந்து காணி உறுதி பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வா, இங்கே கூட்டம் போட்டு நீயே பேசு என்றேன். அவன் போகிறானா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் போன் செய்தான். "அண்ணா, புல எண் எடுத்துட்டேன். நத்தம்னு போட்டிருக்கு, ஆனா பாதி தெரு வேற எண்ல வருது. அது தனியார் பேர்ல இருக்கு." அந்தப் பெயரைச் சொன்னான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பம்.

23 குடும்பத்தின் மனு தயார். ஒவ்வொரு மனுவோடும் மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை நகல். வரும் திங்கள் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க் கூட்டத்தில் கொடுக்கிறோம். ஒரு பிரதி ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கு. தம்பியின் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். கல்லூரித் தோழர்கள் நான்கைந்து பேர் வேண்டும், மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத, ரசீது எண் குறித்துக்கொள்ள. காலை ஆறு மணிக்குப் பொதட்டூர்பேட்டை பேருந்து நிலையம். அதற்கு முந்தின நாள் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பதினோரு மணிக்குத் தெருவை அளக்கிறோம். நூறு அடி டேப் ஒன்றுதான் இருக்கிறது, யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள்.